சர்க்கரை நோட்டில் மூளைக்கு மூன்று கட்டங்கள்

"ராத்திரி ஏழு மணிக்குச் சாப்பிட்டேன். அதுக்கப்புறம் தண்ணியைத் தவிர எதுவும் தொடலை. படுக்கும்போது பார்த்தா 128. காலையில எழுந்து பார்த்தா 161. இந்தச் சர்க்கரை எங்கிருந்து வந்துச்சு?"

சர்க்கரை நோயாளிகளுக்கு மீட்டர் பார்க்கவும் ஊசி போட்டுக்கொள்ளவும் சொல்லிக்கொடுக்கும் செவிலியர் நான். என்னிடம் அதிகமாக வரும் கேள்வி இதுதான். கேட்பவருக்கு ஆற்றாமை. பக்கத்தில் நிற்கும் வீட்டாருக்கோ சந்தேகம், இவர் நடுராத்திரியில் எழுந்து எதையோ தின்றிருக்கிறார் என்று. அந்தச் சந்தேகத்தைத்தான் நான் முதலில் போக்குவேன். அவர் சொல்வது உண்மை. அந்தச் சர்க்கரையை ரத்தத்தில் விட்டது அவருடைய கல்லீரல். விடச் சொல்லிப் போன உத்தரவுகளில் சில மூளையிலிருந்து கிளம்பியவை.

ஆனால் அவர் கொண்டுவரும் நோட்டைத் திறந்தால் இரண்டே விவரம்தான் இருக்கும்: மீட்டர் காட்டிய எண், சாப்பிட்ட சாப்பாடு. அதை வைத்துக்கொண்டு பாதிக் கேள்விகளுக்குத்தான் பதில் சொல்ல முடியும். எனவே என்னிடம் வருபவர்கள் எல்லோருடைய நோட்டிலும் இன்னும் மூன்று கட்டங்கள் போடச் சொல்கிறேன்: மணி, தூக்கம், மனம். ஏன், எப்படி என்பதை இங்கே எழுதுகிறேன்.

மூளைக்கு இதில் என்ன அக்கறை?

எடையில் மூளை நம் உடலில் 2 சதவீதம்தான். ஆனால் சும்மா உட்கார்ந்திருக்கும்போது உடல் செலவழிக்கும் ஆற்றலில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு அதற்கே போகிறது. ஒரு நாளைக்கு 100 முதல் 120 கிராம் குளுக்கோஸ் அதற்கு வேண்டும். ரத்தம் முழுவதிலும் ஒரு நேரத்தில் இருப்பதோ 4, 5 கிராம்தான், ஒரு டீஸ்பூன் அளவு. மூளையிடம் சொல்லிக்கொள்ளும்படி சேமிப்பும் கிடையாது. அதனால் ரத்தத்தில் சர்க்கரை குறையாமல் பார்த்துக்கொள்வது மூளைக்கு உயிர்ப் பிரச்சினை.

இது இன்று நேற்று தெரிந்த செய்தி இல்லை. பிரெஞ்சு உடலியல் அறிஞர் கிளாட் பெர்னார் 1849-இல் ஒரு முயலின் மூளையடியில், நான்காவது அறையின் தளத்தில், ஊசியால் குத்தினார். கொஞ்ச நேரத்தில் முயலின் சிறுநீரில் சர்க்கரை வந்தது. 1964-இல் ஜப்பானில் யுடாகா ஊமுராவின் குழுவும் இந்தியாவில் பி.கே. ஆனந்தின் குழுவும், ஹைப்போதலாமஸ் என்ற பகுதியில் உள்ள நரம்பணுக்கள் குளுக்கோஸ் ஏறி இறங்குவதற்கு ஏற்பத் தங்கள் துடிப்பை மாற்றிக்கொள்வதைத் தனித்தனியே பதிவு செய்தன. அதாவது சர்க்கரையை அளக்கும் மீட்டர் ஒன்று மூளைக்குள்ளேயே இருக்கிறது.

அளந்த பிறகு மூளை இரண்டு வழிகளில் வேலை வாங்குகிறது. ஒன்று நரம்பு வழி. அவசர நேரத்தில் உடலை உசுப்பும் பரிவு நரம்புகள் தூண்டப்பட்டால் கல்லீரல் சேமித்த சர்க்கரையை விடும், கணையம் இன்சுலினைக் குறைத்துக்கொண்டு, சர்க்கரையை ஏற்றும் ஹார்மோனான குளுக்ககானைக் கூட்டும். மூளையிலிருந்து வயிற்று உறுப்புகளுக்கு இறங்கும் வேகஸ் நரம்பு தூண்டப்பட்டால் கணையம் இன்சுலினைச் சுரக்கும். இன்னொன்று ஹார்மோன் வழி. ஹைப்போதலாமஸ் மூளையடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பிக்குச் சொல்ல, பிட்யூட்டரி சிறுநீரகத்தின் மேலுள்ள அட்ரினல் சுரப்பிக்குச் சொல்ல, கார்ட்டிசால் என்ற ஹார்மோன் வெளியே வரும். கார்ட்டிசால் கல்லீரலைப் புதிதாகச் சர்க்கரை தயாரிக்கச் சொல்லும்.

கணையமும் தானாகவே சர்க்கரையை உணரும். அன்றாட வேலையில் பெரும்பங்கு அதனுடையதுதான். நோய் இல்லாதவருக்கு மூளை கொஞ்சம் கூடுதலாகச் சர்க்கரையை விடச் சொன்னாலும் கணையம் உடனே இன்சுலினைக் கூட்டிச் சமாளித்துவிடும், எண்ணில் எதுவும் தெரியாது. சர்க்கரை நோய் உள்ளவருக்கு அந்தச் சமாளிப்பு போதவில்லை. அதனால் மூளை இடும் ஒவ்வொரு உத்தரவும் மீட்டரில் வந்து நிற்கிறது. நோட்டில் மூளைக்கு இடம் கேட்கிறேன் என்றால் காரணம் இதுதான்.

நோட்டைப் போடும் விதம்

ஏற்கெனவே உள்ள இரண்டு, புதிய மூன்று, அவற்றோடு உடம்புக்கு ஒன்று என்று குறுக்கே ஆறு கட்டங்கள். மணி, எண், சாப்பாடு, தூக்கம், மனம், உடம்பு. கடைசிக் கட்டத்தில் நடந்தது, காய்ச்சல், வலி, புது மாத்திரை எல்லாம் வரும்.

மணியை மணியாகவே எழுதுங்கள். "காலை" என்று எழுதினால் அது ஐந்தரையா ஒன்பதா என்று எனக்குத் தெரியாது; அந்த இடைவெளியில் எண் நன்றாகவே மாறும். தூக்கத்துக்கு இரண்டு விவரம் போதும்: படுத்த நேரம், எழுந்த நேரம். நடுவில் விழித்தால் ஒரு கோடு. மனத்துக்கு ஒரே ஒரு சொல்: சண்டை, பயம், சும்மா, சந்தோஷம், அவசரம். கதை எழுத வேண்டாம். கதை எழுத ஆரம்பித்தவர்கள் சீக்கிரமே நோட்டை மூடிவிடுகிறார்கள்.

இரண்டு வாரம் எழுதினால் போதும். தினமும் எல்லா நேரமும் விரலைக் குத்தவும் வேண்டாம். ஒரு நாள் காலைச் சாப்பாட்டுக்கு முன்னும் இரண்டு மணி நேரம் பின்னும், மறுநாள் மதியச் சாப்பாட்டுக்கு, அடுத்த நாள் இரவுச் சாப்பாட்டுக்கு என்று மாற்றி மாற்றிப் பாருங்கள். இன்சுலின் போடுகிறவர்களுக்கு மருத்துவர் சொன்ன கணக்கு தனி, அதைக் குறைக்காதீர்கள். குத்துவதற்கு முன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடையுங்கள். பழம் நறுக்கிய கையோடு பார்த்தால் விரலில் ஒட்டிய சர்க்கரையும் சேர்ந்து எண் எகிறும். அப்புறம், நல்ல மீட்டரே 15 சதவீதம் வரை கூடவோ குறையவோ காட்டலாம். 128-க்கும் 135-க்கும் வித்தியாசம் தேடி மனத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

காலை எண் மட்டும் ஏறினால்

விடியற்காலை 3 மணியிலிருந்து 8 மணி வரை உடல் விழிப்பதற்குத் தயாராகிறது. மூளைக்குள் இருக்கும் கடிகாரம் சொல்லி கார்ட்டிசால் ஏறுகிறது. இரவில் சுரந்த வளர்ச்சி ஹார்மோனின் வேலையும் சேர்ந்துகொள்கிறது. இரண்டும் இன்சுலினுக்கு எதிராக இழுப்பவை. கல்லீரல் சர்க்கரையை விடுகிறது. இதை வைகறை ஏற்றம் என்று வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் காலையில் ஏறிய எண்கள் எல்லாமே இதனால் வந்தவை இல்லை. கண்டுபிடிக்க ஒரே வழி, இரண்டு மூன்று இரவுகள் 3 மணிக்கு அலாரம் வைத்து எழுந்து பார்ப்பது. படுக்கும்போது, 3 மணிக்கு, எழுந்தவுடன் என்று மூன்று எண்கள் கிடைக்கும். 3 மணி எண் படுக்கும்போது இருந்ததை ஒட்டியே இருந்து, அதற்குப் பிறகு ஏறியிருந்தால் வைகறை ஏற்றம். படுக்கும்போதே அதிகமாக இருந்து விடியும் வரை அப்படியே நின்றிருந்தால், இரவுச் சாப்பாட்டையோ மருந்தையோ கவனிக்க வேண்டும். 3 மணிக்கு 70-க்குக் கீழே இருந்தால் முதலில் அங்கேயே குளுக்கோஸ் எடுத்துக்கொள்ளுங்கள். காலையில் முதல் வேலையாக மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

இந்த மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு. காலை எண்ணை மட்டும் பார்த்து ராத்திரி இன்சுலினைத் தானாகக் கூட்டிக்கொள்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே பயமாக இருக்கும். மூன்றாவது வகைக்காரர் அப்படிக் கூட்டினால் தூக்கத்திலேயே ஆபத்து.

தூக்கக் கட்டம் சொல்வது

1999-இல் சிகாகோவில் நடந்த ஆய்வு ஒன்றை நான் எல்லோருக்கும் சொல்வேன். ஆரோக்கியமான இளைஞர்கள் 11 பேரை ஆறு இரவுகள் 4 மணி நேரம் மட்டுமே படுக்கையில் இருக்க விட்டார்கள். ஆறே இரவில் சர்க்கரையைச் சமாளிக்கும் அவர்கள் உடலின் திறன் தெளிவாகக் குறைந்திருந்தது. நோயே இல்லாத இளைஞர்களுக்கே இந்த நிலை. தூக்கம் குறைந்தால் பசியும் கூடும், குறிப்பாக இனிப்பு மேல் ஆசை போகும். இதை மன உறுதி இல்லாததால் வந்தது என்று யாரும் திட்டக் கூடாது.

இரவுப் பணிக்காரர்கள் நிலை இன்னும் கடினம். உறங்க வேண்டிய நேரத்தில் சாப்பிடும்போது அதே சாப்பாட்டுக்குச் சர்க்கரை அதிகமாக ஏறும். என்னிடம் வரும் இரவுக் காவலாளி ஒருவரின் நோட்டில் விடுமுறை நாள் எண்களும் பணி நாள் எண்களும் இரண்டு வெவ்வேறு ஆட்களுடையவை போல இருந்தன. அவருக்கு நான் சொன்னது: பெரிய சாப்பாட்டைப் பணிக்குக் கிளம்பும் முன் முடியுங்கள், நள்ளிரவுக்கு மேல் பசித்தால் மாவுச்சத்து குறைந்த சிறிய உணவாக இருக்கட்டும், பகலில் தூங்கும் அறையை நன்றாக இருட்டாக்குங்கள், மாத்திரை நேரத்தைப் பற்றி மருத்துவரிடம் பேசுங்கள். பணி நாள் எண்கள் விடுமுறை நாள் அளவுக்கு இறங்கவில்லை. ஆனாலும் முன்பைவிட நன்றாகவே இருக்கின்றன. வேலையை மாற்ற முடியாதவரிடம் வேலையை மாற்று என்று சொல்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

குறட்டை பலமாக இருந்து, நடுநடுவே மூச்சு நின்று திணறி எழுகிறவர் என்றால் அதையும் எழுதுங்கள். தூக்கத்தில் மூச்சடைப்பு இருந்தால் சர்க்கரை கட்டுப்படுவது கஷ்டம். அதற்குத் தனிச் சிகிச்சை உண்டு.

மனக் கட்டம்

ஆபத்து வருகிறது என்று மூளை முடிவு செய்தால், ஓடவோ எதிர்க்கவோ தசைகளுக்குச் சர்க்கரை வேண்டும் என்று கணக்குப் போடுகிறது. அட்ரினலின் பாய்கிறது, கல்லீரல் திறக்கிறது. ஆபத்து நாயாக இருந்தாலும் சரி, பரீட்சைத்தாள் கட்டாக இருந்தாலும் சரி. ஒரு பள்ளி ஆசிரியைக்கு விடைத்தாள் திருத்தும் வாரங்களில் எண் 200-ஐத் தாண்டும்; சாப்பாட்டில் எந்த மாற்றமும் இருக்காது. மகளின் அறுவைச் சிகிச்சைக்கு முந்தின நாள் 240 காட்டிய அப்பா ஒருவர் இருக்கிறார்.

கவலைப்படாதே என்று சொல்வதால் யாருக்கும் கவலை போனதில்லை. நான் சொல்வது நடையை. மூளை தசைக்காகத்தான் அந்தச் சர்க்கரையை இறக்கியது, தசைக்கே கொடுத்துவிடுங்கள். வேலை செய்யும் தசை இன்சுலின் தயவு இல்லாமலே குளுக்கோஸை உள்ளே இழுத்துக்கொள்ளும். இன்சுலின் சரியாக வேலை செய்யாதவருக்கு இது பெரிய வரம். பத்து, பதினைந்து நிமிடம் சாதாரண வேகத்தில் நடந்தாலே போதும். மூச்சிரைக்க ஓட வேண்டாம். கடுமையான உடற்பயிற்சி தானே அட்ரினலினைக் கிளப்பிச் சற்று நேரம் சர்க்கரையை ஏற்றும்.

காய்ச்சல், பல் வீக்கம், ஆறாத புண் எதுவானாலும் மூளை அதையும் ஆபத்தாகவே எடுத்துக்கொள்ளும், எண் ஏறும். மூட்டு வலிக்கோ ஆஸ்துமாவுக்கோ ஸ்டீராய்டு ஊசி, மாத்திரை எடுத்திருந்தாலும் ஏறும், ஏனென்றால் அது கார்ட்டிசாலின் உறவுதான். கொடுக்கும் மருத்துவரிடம் சர்க்கரை இருப்பதை முன்கூட்டியே சொல்லுங்கள்.

சாப்பாட்டைப் பற்றி இரண்டு வார்த்தை

சாப்பாட்டைப் பற்றி உங்களுக்கு ஏற்கெனவே நிறையப் பேர் சொல்லியிருப்பார்கள். மூளை சம்பந்தப்பட்டதை மட்டும் சொல்கிறேன். வாயில் வைத்து மெல்லும்போதே, ரத்தத்தில் சர்க்கரை ஏறும் முன்பே, வேகஸ் நரம்பு வழியாகக் கணையத்துக்குச் செய்தி போய்க் கொஞ்சம் இன்சுலின் வந்துவிடுகிறது. குடலிலிருந்து வயிறு நிறைந்தது என்ற செய்தி மூளைக்குப் போய்ச் சேர இருபது நிமிடம் வரை ஆகும். அதனால் மெதுவாகச் சாப்பிடுங்கள். காய்கறியையும் புரதத்தையும் முதலில், மாவுச்சத்தைக் கடைசியில் சாப்பிட்டால், அளவு மாறாமலே சாப்பாட்டுக்குப் பிந்தைய எண் குறையும். இதைச் செய்து பார்த்து நோட்டில் நீங்களே ஒப்பிடலாம்.

சர்க்கரை இறங்கினால்: இதை வீட்டில் எல்லோரும் படியுங்கள்

ஏற்றத்தைப் பற்றிப் பேச நிதானமாக உட்காரலாம். இறக்கத்துக்கு அந்த அவகாசம் கிடையாது, பட்டினி கிடப்பது மூளையே.

நோய் இல்லாத உடலில் சர்க்கரை 80 சுமாருக்கு இறங்கும்போதே இன்சுலின் சுரப்பு குறைந்துவிடும். 70-க்குக் கீழே போகப்போகக் குளுக்ககானும் அட்ரினலினும் வரும். 55 அருகே கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும், வியர்த்துக் கொட்டும், அகோரமாகப் பசிக்கும். அதற்கும் கீழே போனால் மூளையே தடுமாறும்: பேச்சு குழறும், காரணமில்லாமல் கோபம் வரும், கண் இருட்டும், வலிப்பு வரலாம், மயக்கம் வரலாம். நாள்கணக்கில் பட்டினி கிடந்தால், கொழுப்பிலிருந்து கல்லீரல் தயாரிக்கும் கீட்டோனை மூளை எரிபொருளாக எடுத்துக்கொள்ளும். ஆனால் ஊசியாலோ மாத்திரையாலோ திடீரென்று இறங்கும்போது அந்த மாற்று எரிபொருளும் இருக்காது, ஏனென்றால் இன்சுலின் கீட்டோன் உற்பத்தியைத் தடுத்து வைத்திருக்கும்.

70-க்குக் கீழே வந்தால், அறிகுறி இருக்கிறதோ இல்லையோ, உடனே 15 கிராம் குளுக்கோஸ். மூன்று டீஸ்பூன் குளுக்கோஸ் பொடியோ சர்க்கரையோ தண்ணீரில் கலந்து குடிக்கலாம், அல்லது அரை தம்ளர் பழச்சாறு. 15 நிமிடம் பொறுத்துத் திரும்பப் பாருங்கள். ஏறவில்லை என்றால் இன்னொரு முறை. ஏறிய பிறகு அடுத்த சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்தால் ஏதாவது சாப்பிடுங்கள். சாக்லேட் வேண்டாம், அதிலுள்ள கொழுப்பு சர்க்கரை ரத்தத்தில் சேர்வதைத் தாமதப்படுத்தும். அகார்போஸ், வோக்ளிபோஸ் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குச் சாதாரணச் சர்க்கரையும் மெதுவாகத்தான் வேலை செய்யும். அவர்கள் வெறும் குளுக்கோஸையே கையில் வைத்துக்கொள்ள வேண்டும். மீட்டர் கையில் இல்லை, அறிகுறி இருக்கிறது என்றால் முதலில் குளுக்கோஸ், சந்தேகம் அப்புறம்.

நினைவில்லாமல் கிடப்பவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். மூச்சுக்குழலுக்குள் போய்விடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். வீட்டில் குளுக்ககான் இருந்து, போடத் தெரிந்தால் போடுங்கள்.

இன்சுலினோ, கணையத்தைத் தூண்டும் மாத்திரையோ எடுக்கிறவர் வீட்டில் வழக்கத்துக்கு மாறாகச் சிடுசிடுத்தால், பதிலுக்குச் சண்டை போடும் முன் சுகர் பாருங்கள். காலையில் தலைவலி, நனைந்த உடை, கெட்ட கனவு இருந்தால் ராத்திரி இறங்கியிருக்கலாம். பீட்டா பிளாக்கர் வகை ரத்த அழுத்த மாத்திரை படபடப்பையும் நடுக்கத்தையும் மறைத்துவிடும். வியர்வை மட்டும் மிஞ்சும்.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. அடிக்கடி இறங்கினால் மூளை அதற்குப் பழகிப்போய் எச்சரிக்கை மணியைத் தாமதமாக அடிக்கும். 60-க்கு நடுங்கியவர் 45-லும் சாதாரணமாகப் பேசிக்கொண்டிருப்பார். இப்போது எனக்கு ஒன்றும் செய்வதில்லை, உடம்பு பழகிவிட்டது என்று அவர் பெருமையாகச் சொல்லும்போது எனக்கு வயிற்றைப் பிசையும். அடுத்த படி நேராக மயக்கம்தான். நல்ல செய்தி, சில வாரங்கள் இறக்கமே இல்லாமல் பார்த்துக்கொண்டால் பெரும்பாலும் அந்த எச்சரிக்கை திரும்ப வரும். அதற்கு மருத்துவர் கொஞ்ச காலம் உங்கள் இலக்கைத் தளர்த்தி வைப்பார். அதுவரை வண்டி ஓட்டும் முன் சுகர் பார்க்காமல் சாவியைத் தொடாதீர்கள்.

மருந்துகளும் மூளை வழியாக

மூளை வழியாகச் சர்க்கரையைக் குறைக்கும் மருந்துகள் வந்துவிட்டன. பார்க்கின்சன் நோய்க்குப் பழகிய புரோமோகிரிப்டினின் ஒரு வடிவத்தை, டோபமைன் என்ற மூளை வேதிப்பொருளின் வழியாகச் செயல்படும் அந்த மருந்தை, அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2009-இல் இரண்டாம் வகைச் சர்க்கரை நோய்க்கு அனுமதித்தது. எழுந்த இரண்டு மணி நேரத்துக்குள் போட வேண்டும் என்பது அதன் விதி. மூளைக் கடிகாரத்தோடு அவ்வளவு நெருக்கம். செமாக்ளுடைடு போன்ற ஊசிகள் கணையத்தோடு மூளையின் பசி மையங்களிலும் வேலை செய்கின்றன. எடை குறைத்தவர்களுக்குப் பசி ஏன் விடாமல் துரத்துகிறது என்பதும் இதோடு சேர்ந்தது: கொழுப்பு குறைந்தால் 1994-இல் கண்டுபிடிக்கப்பட்ட லெப்டின் என்ற ஹார்மோன் குறைகிறது, மூளை அதைப் பஞ்சம் என்று படிக்கிறது. அதனால் குறைந்த எடையைக் காப்பாற்ற உதவி கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

மருத்துவரிடம் போகும்போது

இரண்டு வார நோட்டை முழுதும் படிக்க அவருக்கு நேரம் இருக்காது. முந்தின நாளே உட்கார்ந்து சிவப்பு மையில் மூன்று வகையை வட்டமிடுங்கள்: 70-க்குக் கீழே வந்தவை எல்லாம், சாப்பாட்டால் விளக்க முடியாத ஏற்றங்கள், 3 மணி எண்கள். ஒவ்வொரு வட்டத்துக்கும் பக்கத்தில் உள்ள தூக்கக் கட்டத்தையும் மனக் கட்டத்தையும் விரலால் தொட்டுக் காட்டுங்கள். இறக்கங்களை முதலில் பேசுங்கள், மற்றதெல்லாம் அதற்குப் பிறகு. மீட்டரையும் கையோடு கொண்டுபோங்கள். பேட்டரி மாற்றிய பிறகு பல மீட்டர்களில் நேரம் தப்பாக ஓடிக்கொண்டிருக்கும். கிளம்பும் முன் அதன் கடிகாரத்தைச் சரிசெய்துவிடுங்கள்; இல்லையென்றால் விடியற்காலை எண்ணை மாலை எண்ணாக அவர் படித்துவிடுவார்.